வேலூர் வெயிலுக்கு எந்த நாய்க்குட்டி?

நாய் வளர்க்கலாம் என்று ஒரு வீட்டில் பேச்சு வந்துவிட்டால், அடுத்த அரை மணி நேரத்தில் யாராவது செல்போனில் படம் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளைகள் ஹஸ்கி கேட்பார்கள். அப்பா ராஜபாளையம் என்பார். அம்மா, முடி கொட்டாததாகப் பார்க்கச் சொல்வார். என்ன இனம் என்ற கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து வீடு என்றால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சித்திரை, வைகாசியில் மதியம் 2 மணிக்கு அந்த நாய் எங்கே படுத்திருக்கும்? காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 5 மணி வரை அதோடு வீட்டில் யார் இருப்பார்கள்? இந்த இரண்டுக்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிட்டால் பாதி இனங்கள் தாமாகவே கழன்றுவிடும்.

முதலில் வெயில். சுற்றிலும் பாறைக் குன்றுகள், நடுவில் காய்ந்து கிடக்கும் பாலாறு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதில்லை. நாம் உடம்பு முழுக்க வேர்த்துச் சமாளிக்கிறோம். நாய்க்கு வேர்ப்பது பாதத்தின் அடியில், அதுவும் கொஞ்சம்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து, நாக்கிலும் மூக்கின் உள்பக்கத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடம்பு குளிர்கிறது. நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். ஆகவே மூக்கின் நீளம் இங்கே அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

பக், ஷி ட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூச்சுப் பாதை குறுகலாக இருப்பதால் அவை நல்ல நாளிலேயே குறட்டை விட்டபடிதான் மூச்சு விடும். மே மாதத்தில் பத்து நிமிடம் வெளியே ஓடினால் நாக்கு நீலம் பூத்துவிடும். ஹஸ்கிக்கு மூக்கு நீளம்தான், ஆனால் பனிப் பிரதேசத்தில் வண்டி இழுக்கப் பழகிய இனம். உடம்பில் இரண்டு அடுக்கு முடி. ஏசி போட்டுக்கொள்கிறோம் என்கிறவர்களிடம் நான் கேட்பது, நீங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகும் அது ஓடுமா, மதியம் கரண்ட் போனால் யார் பார்ப்பார்கள் என்பதைத்தான். இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு மெஷினை நம்பி ஒரு ஜீவனைக் கொண்டுவர வேண்டாம். இந்த இனங்களைப் பற்றி இதற்கு மேல் பேசவில்லை.

லேப்ரடார்

நம் பக்கம் அதிகம் பேர் கேட்பது லேப்ரடார்தான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளிடம் பொறுமை காட்டும், சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், புது ஆள் வந்தாலும் வாலாட்டும். வெயிலை ஓரளவு தாங்கும். ஓரளவு என்பதைக் கவனிக்க வேண்டும். காலை 6 மணிக்குள், சாயங்காலம் தார் ரோடு ஆறிய பிறகு, இப்படி இரண்டு வேளையும் நடக்கக் கூட்டிப்போக ஆள் இருந்தால்தான் லேப்ரடார். ரோடு ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, புறங்கையை ஐந்து விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

இரண்டு மாதத்தில் கையில் அடங்கும் குட்டி ஒரு வருடத்தில் 25 முதல் 36 கிலோ வரை வரும். மாடி வீட்டுக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது உண்டு. எடை கூடினால் அது இன்னும் மோசமாகும். லேப்ரடாருக்குப் போதும் என்பதே தெரியாது, கெஞ்சும் கண்ணைப் பார்த்தால் நமக்கும் மனசு கேட்காது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி வாங்கினால் மிச்சத்தை நாய்க்குப் போடும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். பிரியாணியில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். எந்த நாய் வளர்த்தாலும் அந்தப் பொட்டலம் நாய்க்குப் போகக் கூடாது.

கீழ்த்தளத்தில் வீடு, மதியம் சிமென்ட் தரையில் ஃபேன் காற்றில் படுக்க இடம், தினமும் நடக்கும் பழக்கமுள்ள ஒருவர், மருத்துவச் செலவுக்குக் கையில் கொஞ்சம் பணம். இந்த நான்கும் இருந்தால் லேப்ரடார் நல்ல தேர்வு. ஒன்று குறைந்தாலும் நான் வேறு பக்கம் பார்க்கச் சொல்வேன்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை

நம் மாநிலத்து இனங்கள் மேல் இப்போது இளைஞர்களுக்கு ஆர்வம் கூடியிருப்பது எனக்குச் சந்தோஷம். 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. ஒட்டிய குட்டை முடி, நீண்ட மூக்கு, காய்ந்த பூமியில் வளர்ந்த உடம்பு. வெயில் கணக்கில் இவற்றுக்கு முழு மதிப்பெண்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை முயல் துரத்தவும் காட்டுப்பன்றி மடக்கவும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து, பார்த்ததை நோக்கிப் பாயும் ஓட்டக்கார நாய்கள். பக்கத்து வீட்டுக் கோழி, எதிர்வீட்டுப் பூனை, ரோட்டில் போகும் ஆட்டுக்குட்டி எல்லாம் அதற்கு இரைதான். சத்துவாச்சாரியில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் சிப்பிப்பாறை வளர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கம் நிலமும் கம்பி வேலியும் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல நாய் கிடையாது. போர்ட்டிகோ தூணில் செயின் போட்டுக் கட்டி வைக்கத்தான் போகிறோம் என்றால் வேண்டவே வேண்டாம். ஓடப் பிறந்த நாயை நாள் முழுக்கக் கட்டிவைத்தால் அது மூர்க்கமாகும். பிறகு பால்காரரைக் கடித்துவிட்டது என்று நாயின் மேல் பழி வரும்.

ராஜபாளையம் குட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை கட்டாயம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் வருவது உண்டு. மற்றக் குட்டிகளோடு இருக்கும்போது இது தெரியாது, மற்றவை திரும்பினால் அதுவும் பார்த்துத் திரும்பிவிடும். நீங்கள் பார்க்கும் குட்டியை மட்டும் தனியாக வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். அது எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது, உங்கள் நிழல் அதன் மேல் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்குங்கள். கை தட்டினால் காற்று அசைவதில் திரும்பிவிடலாம், அதனால் சாவி. காது மடல் அசைய வேண்டும், அல்லது தலை திரும்ப வேண்டும். கொஞ்சம் விட்டு மறுபக்கம் நின்று திரும்பவும் செய்யுங்கள், ஆனால் ஒரு காது மட்டும் கேட்காத குட்டிகளும் உண்டு, அதை இந்தச் சோதனையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. விற்கிறவர் இதைச் செய்ய விடவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்டும் ராட்வைலரும் காவலுக்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பழக்கத் தெரிந்தவர் கையில் இரண்டும் அருமையான நாய்கள். முதல் முறை நாய் வளர்க்கிற வீட்டுக்கு, அதிலும் சின்னப் பிள்ளைகள் வந்து போகும் வீட்டுக்கு, ராட்வைலர் வேண்டாம். ஷெப்பர்டின் முடி நம் கோடைக்கு அதிகம்.

ஸ்பிட்ஸ்

பொமரேனியன் என்று நாம் சொல்லும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். பல தலைமுறையாக இந்த நாட்டிலேயே வளர்ந்து வருவதால் அந்த முடியோடும் நம் வெயிலுக்கு ஓரளவு பழகிவிட்டது. சின்ன உடம்பு, சின்ன வயிறு, மாடி வீட்டிலும் இருந்துகொள்ளும். ஓய்வு பெற்ற பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நல்ல துணை. இரண்டு விஷயத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். காலிங் பெல், குக்கர் விசில், குப்பை வண்டி, எது சத்தம் போட்டாலும் பதிலுக்கு இதுவும் குரைக்கும். பொதுச்சுவர் வீடுகள் நெருக்கமாக இருக்கும் வேலூர் சைதாப்பேட்டை, வேலப்பாடி மாதிரி தெருக்களில் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. அடுத்தது முடி. தினமும் சீவ வேண்டும், கோடையில் உண்ணி இருக்கிறதா என்று முடியை விலக்கி விலக்கிப் பார்க்க வேண்டும். வெயில் என்பதற்காக மொட்டையடித்துவிடாதீர்கள், தோல் வெந்துபோகும். டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் குடியிருப்பவர்கள், அடர்ந்த முடியுள்ள நாயைக் குளிப்பாட்ட எத்தனை பக்கெட் தண்ணீர் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

தெருவில் பிறந்த குட்டி

வேலூரில் பத்து வீடு என்னிடம் கேட்டால் ஆறு, ஏழு வீட்டுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தெருவில் ஈன்ற நாட்டுக்குட்டி.

"இன்னா சார், தெரு நாயப் போயி வூட்ல வெச்சிக்கினு" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அவருக்குச் சொல்ல என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. இந்த ஊர் வெயிலில் பிழைத்த தாயின் வயிற்றில் பிறந்தது. மூக்கு நீளம், முடி குட்டை, காது நிமிர்ந்தது. 15, 20 கிலோவுக்கு மேல் பெரும்பாலும் போகாது. ஒரே இனத்துக்குள் சொந்தம் விட்டுப்போகாமல் சேர்த்துச் சேர்த்து வளர்ப்பதால் வரும் பரம்பரை நோய்கள் இதில் குறைவு. தயிர் சாதமும் முட்டையும் கொஞ்சம் வேகவைத்த கோழியும் கொடுத்து நன்றாக வளர்க்கலாம். வாங்க ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் ஆகும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். தாய் எப்படிப்பட்டது என்று ஓரளவு பார்க்கலாம், தகப்பன் யார் என்று தெரியாது. வளர்ந்தால் எந்த அளவு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புது ஆட்களை லேப்ரடார் போல வரவேற்காது, சந்தேகப்பட்டுப் பார்க்கும். சின்ன வயதில் மனிதர் கை படாமல் வளர்ந்தது என்றால் பயந்த சுபாவம் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை அது பார்க்கிற, கேட்கிற, முகர்கிற விஷயங்கள்தான் பிறகு அதற்குப் பழகியவை. எனவே தெருவில் எல்லாரும் தூக்கிக் கொஞ்சிய ஈற்றிலிருந்து எடுப்பதும், ஆள் நடமாட்டமே இல்லாத புதரில் வளர்ந்ததை எடுப்பதும் ஒன்றில்லை.

எப்படிப் பொறுக்குவது? கட்டி முடிக்காத வீட்டிலோ நின்றுபோன லாரிக்கு அடியிலோ ஒரு ஈற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் எடுக்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். தாய் உங்களைப் பார்த்து உறுமுகிறதா, ஒதுங்கி நின்று கவனிக்கிறதா, வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா? குட்டிகளின் சுபாவத்துக்குத் தாய்தான் முதல் அடையாளம். தரையில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். ஒரு குட்டி எல்லாரையும் மிதித்துக்கொண்டு ஓடிவந்து உங்கள் விரலைக் கடிக்கும். ஒன்று செங்கல் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். இன்னொன்று இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, பிறகு மெதுவாக வந்து முகர்ந்து, உங்கள் மடியோரம் உட்காரும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் முதல் முறை வளர்ப்பவருக்கும் நான் எப்போதும் இந்த மூன்றாவது குட்டியைத்தான் கை காட்டுவேன். முதலாவது, நாயோடு ஓடியாட ஆள் இருக்கிற வீட்டுக்குப் போகட்டும். ஒளிந்துகொண்டதற்கு அமைதியான, பொறுமையான ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர் கையில் அதுவும் தேறிவிடும்.

பிறகு தூக்கிப் பாருங்கள். உதட்டை விலக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்கிறது. விரல் இடுக்கிலும் காது உள்ளேயும் உண்ணி பார்க்க வேண்டும், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் நிறைய நாய்களைக் கொண்டுபோகிறது. வயிறு மட்டும் உப்பி விலா தெரிந்தால் பூச்சி. வாலுக்கு அடியில் கழிச்சல் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சொறி, பூச்சி, உண்ணி எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது, அதற்காகக் குட்டியைத் தள்ள வேண்டாம். ரத்தம் கலந்த கழிச்சலோடு வாந்தியும் எடுத்துச் சுருண்டு படுத்திருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதன் கூடப் பிறந்தவையும் அதே ஆபத்தில்தான் இருக்கின்றன.

கண் திறந்ததுமே தூக்கிவந்து பசும்பால் ஊற்றி வளர்க்கும் பழக்கத்தை விட வேண்டும். பசும்பால் கழிச்சலைத்தான் கொடுக்கும். எட்டு வாரம் வரை தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்ளும். விலைக்கு விற்கிறவர்களுக்கு இது சட்டமே. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டி என்று யாராவது கூடையில் வைத்துக் காட்டினால், அவரிடம் எந்தக் குட்டியும் வாங்காதீர்கள்.

தெருக்குட்டியில் ஆண் குட்டியைத்தான் எல்லாரும் கேட்பார்கள். பெண் குட்டிகள் பாலாற்றங்கரையிலும் மார்க்கெட் பின்பக்கமும் கொண்டுபோய் விடப்படுகின்றன. ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வரும், வருடத்துக்கு இரண்டு தடவை சுமார் இரண்டு, மூன்று வாரம். பயம் இதுதான். மருத்துவர் சொல்லும் வயதில் கருத்தடை செய்துவிட்டால் அது தீர்ந்துவிடும். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது. பெண் நாய் வீட்டோடு ஒட்டி இருக்கும், ஊர் சுற்றப் போவதும் மற்ற நாய்களோடு சண்டைக்குப் போவதும் குறைவு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பெண் குட்டியை எடுங்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கணவன் மனைவி இருவருமே மருத்துவமனை வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும், வேலூரில் இப்படி நிறைய குடும்பங்கள் உண்டு. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நாலு வேளை சாப்பாடு வேண்டும். எட்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் அது அழுதுகொண்டிருக்கும், செருப்பையும் சோபாவையும் கடித்துக் குதறும். இந்தக் குடும்பங்களுக்குக் குட்டியே வேண்டாம் என்பேன். ஒன்றரை, இரண்டு வயதான, தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த நாயை எடுங்கள். அதன் அளவு, குணம், குரைப்பு எல்லாம் முன்கூட்டியே தெரியும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். துள்ளும் குட்டி காலில் சிக்கி ஒரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

காட்பாடியில் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் இரக்கப்பட்டுக் குட்டி எடுக்கிறார்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும், படிப்பு நாலு வருடம். கூடவே ஊருக்குக் கொண்டுபோக வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் தெருவிலேயே வைத்துச் சாப்பாடு போட்டு, ஊசி போட்டு, கருத்தடைக்கு உதவி செய்யுங்கள். வாடகை வீட்டுக்காரர்களும் வீட்டு ஓனரிடம் முதலிலேயே பேசி ஒப்புதல் வாங்கிக்கொள்வது அவசியம்.

எந்தக் குட்டியானாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்கும். பதினாறு வாரம் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்கிறபடி. மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனைகளிலேயே போட்டுக்கொள்ளலாம். விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக தினமான ஜூலை 6-ஆம் தேதியை ஒட்டிப் பல இடங்களில் ரேபிஸ் ஊசி முகாம் இலவசமாக நடக்கும். ஊசி முடியாத குட்டி விளையாட்டாகக் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் நாய்க்கடி ஊசி பற்றிக் கேட்க வேண்டும். அங்கே அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் முன்பு ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால், தடுப்பூசி முடியாத குட்டியை ஒரு வருடத்துக்கு அங்கே கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கும் ஊசி முடிந்த பெரிய நாய்தான் சரி.

எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டால், தீபாவளிக்கு முந்தைய வாரம் வேண்டாம். புது வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வெடிச் சத்தம் கேட்ட குட்டிக்கு அந்தப் பயம் ஆயுசுக்கும் தங்கிவிடலாம். பங்குனியும் வேண்டாம், பழகுவதற்குள் வெயில் வந்துவிடும். தை மாதம் நல்லது. எட்டு வாரக் குட்டியைப் பொங்கலுக்குப் பிறகு கொண்டுவந்தால், சித்திரை பிறக்கும்போது அதற்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும், ஊசிகளும் முடிந்திருக்கும். வீட்டில் குளிர்ச்சியான மூலை எது என்று அதற்குள் அதுவே கண்டுபிடித்துப் படுக்கப் பழகியிருக்கும்.